மூன்று வருஷம் கழித்து விழுந்த கியர்

கஸ்மீர் வீட்டுக் கார், சாவி போடாமல், ஆள் ஏறாமல், இன்ஜின் சத்தம்கூட எழுப்பாமல், மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஆறே முக்காலுக்குத் தன் பாட்டுக்குக் கொட்டகையை விட்டுப் பத்தடி வெளியே வந்து தெருவில் மூக்கை நீட்டி நின்றபோது, அதை முதலில் பார்த்த மீன்காரி ஞானசெல்வம், கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "எமரன்சி, வண்டியக் கொஞ்சம் உள்ள எடும்மா, ஆளு போவ வழியில்ல" என்று குரல் கொடுத்தாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டரை வருஷமாக அந்த வண்டியை யாரும் தொடவில்லை என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் விடிந்ததும் கண்ணில் படுவதையெல்லாம் அதிசயம் என்று வாய் பிளந்துகொண்டிருந்தால் தூத்துக்குடியில் பிழைப்பு ஓடாது.

கஸ்மீரின் மனைவி எமரன்சி இடது காலை இழுத்து இழுத்து வெளியே வந்தாள். கதவுகள் பூட்டியபடியே இருந்தன. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். கியர் ராடு இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்: "இது மெற்றில்டா மைனி பேரன் ஞானஸ்நானத்தன்னைக்கு நான் போட்ட கியரு. அன்னைக்கு விழாமப் போச்சு. இப்பத்தான் விழுது."

கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினார்கள். மூன்று வருஷத்துக்கு முன், அதே மார்ச் ஒன்பது. அன்று எமரன்சி வண்டியை எடுக்கப் பார்த்து, அது நகராமல் போகவே அலுத்துப்போய்க் கியரைத் திரும்ப நிறுத்தத்துக்குத் தள்ளிவிட்டு ஆட்டோவில் போனது பலருக்கு நினைவு இருந்தது. அந்தத் திரும்பத் தள்ளிய கியரும் சேர்ந்து விழுந்ததால்தான் வண்டி பத்தடியோடு நின்றது என்று எங்களுக்குள் முடிவானது. அத்தோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆண்கள் வேலைக்குப் போனார்கள்.

நான் மட்டும் போகவில்லை. எதிர் வீட்டுக்காரன் நான், ஸ்தனிஸ்லாஸ். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கப்பலில் ஏறுகிற மூட்டையை எண்ணி, மணி பார்த்துக் குறித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கத்தில் அன்றும் மணி பார்த்தேன். பார்த்த கணத்திலேயே அக்டோபருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கினேன். ஏனென்று சொல்வதற்கு அந்த வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

கஸ்மீர் கப்பல்களுக்குக் காய்கறியும் கறியும் ஏற்றி அனுப்புகிற கம்பெனியில் இருந்தார். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஓர் அதிகாரியிடம் அந்த வண்டியை வாங்கியபோதே அதற்குப் பத்தொன்பது வயது. வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும், இடது காலுக்கு வேலையே இல்லை, அதற்காகத்தான் வாங்கினார். எமரன்சிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. தெருவில் கார் ஓட்டிய முதல் பெண்பிள்ளை அவள்தான். கஸ்மீருக்கு ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கலெக்டர் மாதிரி பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "டிரைவரம்மா, போலாமா?" என்பார். அவள் கண்ணாடியில் அவரை முறைத்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவாள். அதைப் பார்க்கவே நாங்கள் வாசலில் நிற்போம்.

வண்டிக்கு வயதாக ஆக, கியர் பிந்த ஆரம்பித்தது. பி என்றால் நிறுத்தம், ஆர் பின்னால், என் எதிலும் சேராதது, டி முன்னால் என்று தெருவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எமரன்சி ராடை இழுத்து டி-யில் போடுவாள். வண்டி யோசிக்கும். பிறகு அடிவயிற்றில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டு நகரும். இந்த இடைவெளியில் சும்மா இருக்க மாட்டாமல் அவள் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லப் பழகினாள். முதலில் பாதி மந்திரத்தில் நகர்ந்தது, பிறகு ஒன்று முழுதாக வேண்டியிருந்தது, பிறகு மூன்று, பிறகு ஐந்து. "இன்னைக்கு எத்தன மணியில விழுந்துச்சு?" என்று தெருவில் கேட்டுக்கொள்வோம். ஜெபமாலையில் ஒரு பத்து மணிக்குள் எப்படியும் விழுந்துவிடும் என்பது எங்களுக்கு வேத வாக்கு.

பைபாஸ் ரோட்டில் பட்டறை வைத்திருந்த உச்சிமாகாளிதான் அதற்கு வைத்தியர். கியர் பெட்டி ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டுச் சொல்வார்: "கறுத்துப் போச்சும்மா. ஆனா இத்தன வருஷம் கழிச்சு இத மாத்தப்படாது. உள்ள தேஞ்ச தூளெல்லாம் இதுலதான் கெடக்கு, அந்தத் தூளுதான் இப்ப புடிமானம். புது ஆயிலு ஊத்துனா சுத்தமா இருக்கும், வண்டி நவுறாது."

கடைசி வருஷத்தில் பிந்துவதோடு நிற்காமல் வண்டி சில கியர்களை விழுங்கவும் தொடங்கியது. போட்ட கியர் வரவே வராது. திரும்பப் போட்டால் வரும். விழுங்கியது எங்கே போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் அக்டோபர் பதினாலாம் தேதி காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கஸ்மீருக்கு நெஞ்சு வலி வந்தது. நாலு பேர் தூக்கிப் பின் சீட்டில் சாய்த்தோம். எமரன்சி ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, ராடை இழுத்து, ஆக்சிலேட்டரை மிதித்தாள். மணி பத்தே கால், நான் பார்த்தேன். இன்ஜின் ஓலமிட்டது, வண்டி அசையவில்லை. அவள் அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். நாங்களும் ஆரம்பித்தோம். தெருவே வண்டியைச் சுற்றி நின்று, ஞானசெல்வம் மீன் கையோடு, நான் பனியனோடு, ஒரு பத்து மணியைச் சொல்லி முடித்தோம். விழவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிந்துகிறது என்று இரண்டாவது பத்து மணியைத் தொடங்கினோம். "டிரைவரம்மா, இன்னும் போவலியா?" என்று பின்னாலிருந்து அவர் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. "இந்தா, இப்ப விழுந்துரும்" என்றாள் அவள். நாங்களும் அதையேதான் சொன்னோம். உள்ளே எட்டி ராடு எதில் நிற்கிறது என்று பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வேறு எந்தத் தெருவாக இருந்தாலும் தோன்றியிருக்கும். எங்களுக்குக் காத்திருக்கப் பழகியிருந்தது. மூன்றாவது பத்து மணியில் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் யாரோ ஆட்டோவுக்கு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் சொல்ல நான்தான் முன்னால் திரும்பி வந்தேன். தெரு காலியாக இருந்தது. கொட்டகையில் நாலு கதவும் திறந்து கிடக்க, வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காகவும் இல்லாமல், ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. உள்ளே கையை விட்டு அணைத்தேன். அப்போதுதான் ராடைப் பார்த்தேன். அது டி-யில் இல்லை. என்-னில் நின்றது.

வண்டி பிந்தவில்லை. அவள் பதற்றத்தில் ராடை ஒரு கட்டம் முன்னாலேயே விட்டுவிட்டாள். அதை அறியாமல் முப்பது மந்திரம் காத்திருந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பிணத்தோடு வரப்போகிறாள், வந்தால் இதைப் பார்ப்பாள் என்று நினைத்ததும் என் கை தானாகப் போய் ராடை டி-க்கு இழுத்துவிட்டது. நல்லதைத்தான் செய்தேன் என்று நினைத்தேன். பழக்க தோஷம், மணியும் பார்த்தேன். பதினொன்று ஐம்பது.

அவள் வந்தாள். வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொட்டகைக்குப் போனாள். "நான் டி-யிலதான் போட்டிருக்கேன்!" என்று அவள் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. கஸ்மீரின் அக்கா மெற்றில்டா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "டி-யில போட்டா ஏன்டி நவுறல? என்-னில போட்டு மிதிச்சுத்தான் என் தம்பியக் கொன்ன. பொறவு மாத்திருப்ப." அன்றிலிருந்து மெற்றில்டா அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எமரன்சி வண்டியைப் பூட்டிச் சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். ராடை யாரும் தொடக் கூடாது என்றாள். நான் எதிர் வீட்டில் வாயை மூடிக்கொண்டு மூன்று வருஷம் இருந்தேன்.

அந்த மூன்று வருஷம் முடிகிற வருஷத்தில்தான் மார்ச் ஒன்பது வந்தது. அதன் பின் மார்ச் இருபத்திரண்டு ஓர் ஆர், ஏப்ரலில் புனித வியாழன் அன்று போட்டது ஒரு டி, மே மாதத்தில் மூன்று என்று, விழுங்கிய கியர்களை அந்த வண்டி, போட்ட தேதிக்குச் சரியாக மூன்று வருஷம் கழித்து, நிமிஷம் பிசகாமல் ஒவ்வொன்றாகக் கக்கத் தொடங்கியது. தெரு அதற்கு ஏற்றாற்போல் தன்னை ஒதுக்கிக்கொண்டது. எமரன்சி ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல வாலிபர் சபைக்காரர்கள் தேதியையும் நேரத்தையும் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினார்கள். அந்த நேரத்துக்கு முன்னால் ஞானசெல்வம் கூடையை நகர்த்திக்கொள்வாள், குழாயடியில் குடங்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், ஆட்டோக்கள் தள்ளி நிற்கும், ஒருமுறை பெண் அழைப்புக்கு வந்த பேண்டு வாத்தியக் கோஷ்டியே ஏழு நிமிஷம் மூச்சுப் பிடித்து நின்றது. வண்டி வெளியே வந்து நின்றதும் எட்டு வாலிபர்கள், ராடைத் தொடாமல், வண்டியை அப்படியே அலாக்காகத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். இதற்கென்றே அந்த எட்டு பேரும் வெளியூரில் வேலை தேடாமல் இருக்கிறார்கள் என்று அவர்களுடைய அம்மாமார் புலம்பினார்கள்.

பக்தியும் சேர்ந்துகொண்டது. பானட்டின்மேல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், வாகனத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது திருச்சபைக்கு உகந்ததல்ல என்றார். ஆனால் திங்கட்கிழமை அவரே வந்து, தான் இந்தப் பங்குக்கு வந்த புதிதில் ஒருநாள் எமரன்சி தன்னை ஸ்டேஷனில் விடப் போய் முடியாமல் போனதே, அது என்றைக்கு விழும் என்று விசாரித்துவிட்டுப் போனார். முத்தையாபுரத்திலிருந்து ஒருத்தர் வந்தார். மகன் கப்பலுக்குப் போயிருக்கிறான், ஒப்பந்தம் மூன்று வருஷம், நான் இப்போது ஒரு கியர் போட்டுவிட்டுப் போகட்டுமா, அவன் வருகிற அன்றைக்கு விழட்டும் என்று கெஞ்சினார். "இது வண்டிய்யா, உண்டியல் இல்ல. போங்க" என்று எமரன்சி விரட்டினாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது தெருவுக்கும் தெரியும். சுவரில் கடைசியாக எழுதியிருந்த தேதி அக்டோபர் பதினாலு, பத்தே கால். அன்று டி விழுந்தால் அவள் சரியாகத்தான் போட்டாள், பெட்டிதான் விழுங்கிவிட்டது, அவள் புருஷனைக் கொல்லவில்லை. விழாவிட்டால் மெற்றில்டா சொன்னது சரி. தெருவுக்கும் அதில் பங்கு இருந்தது. நாங்கள் சொன்ன முப்பது மந்திரமும் வராத ஒரு கியருக்காகச் சொன்னதா, போடாத ஒரு கியருக்காகச் சொன்னதா என்று தெரியாமல் எங்களில் ஒருத்தருக்கும் அந்த மூன்று வருஷம் ஜெபமாலை கையில் ஓடவில்லை.

மெற்றில்டா ஜூலை மாதம் உச்சிமாகாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பது எந்தக் கியர் என்று இப்போதே பார்த்துவிட வேண்டும் என்றாள். அவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "தொறக்கலாம் தாயி. தொறந்தா ஆயிலு கொட்டிரும். விழுங்குனதெல்லாம் அந்த ஆயில்லதான் கெடக்கு" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் தெருமுனை வரை அவரோடு நடந்தேன்.

"ஒரு சந்தேகம். இன்ஜின அணைச்ச பொறவு ஒருத்தன் கியர் போட்டா, அது எண்ணிக்கையில சேருமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது ராடு வேலைய்யா. இன்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சேரும்."

அன்று சாயங்காலமே ஆள் வைத்து என் வீட்டு வாசல் கேட்டையும் இரண்டு தூணையும் இடித்தேன். அவள் கொட்டகைக்கு நேர் எதிரே என் வாசல். அன்று பதினொன்று ஐம்பதுக்கு ஆளில்லாமல் வண்டி வந்தால் முட்டாமல் உள்ளே வரட்டும் என்று பார்த்தேன். பெரிய மனசு என்று தெரு என்னை மெச்சியது. எனக்குக் கூசியது.

இடையில் எத்தனையோ முறை சொல்லிவிடலாம் என்று தெருவைக் கடந்து போனேன். ஆகஸ்டில் ஒருநாள் அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டை மட்டும் துடைக்கவில்லை. "எண்ணே, விழும்ல?" என்றாள். முகத்தைப் பார்த்தேன். "விழும்மா" என்றேன். அது பொய்யில்லையே என்று என்னையே நான் தேற்றிக்கொண்டு திரும்பினேன். இவ்வளவு கேவலமாகத் தேற்றிக்கொள்ள முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அக்டோபர் பதினாலாம் தேதி வந்தது. உச்சிமாகாளி முந்தின நாளே புது பேட்டரி போட்டு, பெட்ரோல் ஊற்றி, டயருக்குக் காற்றடித்து வைத்திருந்தார். எமரன்சி வெள்ளைச் சேலை கட்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பத்து மணிக்கே இன்ஜினை ஓடவிட்டாள். தெரு முழுக்க ஆட்கள். பங்குச் சாமியார் அங்கி போடாமல், வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி, ஓரமாக நின்றார். மெற்றில்டா முன்வரிசையில் நின்றாள். வண்டிக்கு முன்னால் தெருக்கோடி வரை பாதை விட்டிருந்தார்கள். பத்து பதினாலுக்கு ஞானசெல்வம் அருள் நிறைந்த மரியே என்று தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பத்தே காலுக்கு வண்டிக்கடியில் ஒரு சின்ன 'க்ளிக்' கேட்டது. வண்டி லேசாக ஆடியது, பூட்டு விட்ட கதவைப்போலத் தளர்ந்து கொடுத்தது. பிறகு அப்படியே நின்றது.

உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டார். பி-யிலிருந்து விடுபட்டு என்-னில் விழுந்தால் எப்படி ஆடும் என்பது அவருக்குத் தெரியும், எமரன்சிக்கும் தெரியும். தெருவுக்குத் தெரியாது. ஆகவே தெரு ஒரு பத்து மணியைச் சொல்லி முடித்தது, இரண்டாவதைத் தொடங்கியது, அதன் நடுவில் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அடுப்பில் பால் இருக்கிறது, பிள்ளை அழுகிறது என்று முனகிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கலைந்து போனார்கள். மெற்றில்டா ஜன்னலருகே வந்தாள். மூன்று வருஷமாக எதற்குக் காத்திருந்தாளோ அதைச் சொல்லத்தான் வந்தாள். எமரன்சியின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

நான் போகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு ஓடிய அதே மாதிரி. பதினொன்றரை ஆயிற்று.

"ஏன் நிக்கிய அண்ணே? எல்லாரும் போயாச்சுல்ல."

"பதினொண்ணு அம்பதுக்கு ஒண்ணு விழும்மா."

அவள் திரும்பவில்லை. "யாரு போட்டது?"

"நான்." அதற்குமேல் நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த வண்டி, என்-னில் நின்ற ராடு, என் கை, மணி. "நீ பாத்துருவியேன்னு பயந்துட்டேன்" என்றேன். எனக்கே அது ஒரு காரணமாகத் தோன்றவில்லை.

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து இடது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"ராட இழுக்கும்போது மூணு தட்டு தட்டணும்ணே. அன்னைக்கு ரெண்டுதான் தட்டிச்சு. என் கைக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து இருக்கும்போதே தெரியும். வீட்டுக்கு வந்து அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டு அழுது தீத்துரலாம்னுதான் கொட்டகைக்கு ஓடுனேன். பாத்தா டி-யில நிக்கி." அவள் குரல் உயரவே இல்லை. "அப்ப என் கைதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். மூணு வருஷமா என் கைய நான் நம்பல. அவிய செத்ததுக்கு ஒரு நாளுகூட ஒழுங்கா அழல. இதுக்குல்லா காத்திட்டு இருந்தேன்."

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளை ஒரு துக்கத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அவளிடமிருந்து அந்தத் துக்கத்தையே திருடியிருக்கிறேன்.

பதினொன்று ஐம்பதுக்கு அடிவயிற்றில் 'டொக்' என்றது. வண்டி நகர்ந்தது.

அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. "ஏறுங்க" என்றாள். நான் முன்கதவைத் திறக்கப் போனேன். "முன்னால இல்ல. பின்னால. அவிய இருந்த எடத்துல."

நடையாக நகர்கிற வண்டியில் ஓடி ஏறி, மூன்று வருஷத்துத் தூசி படிந்த அந்த இடத்தில் உட்கார்ந்தேன். என் வாசலை நோக்கிப் போன வண்டியை அவள் ஒடித்துத் திருப்பி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். தெருமுனையில் மெற்றில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டாள். "விழுந்துட்டு! விழுந்துட்டு!" என்று யாரோ கத்தினார்கள். எவர் போட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. எமரன்சி யாருக்கும் கை காட்டவில்லை. சந்தையைத் தாண்டினோம், தபால் ஆபீசைத் தாண்டினோம். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், வலி வந்தவனைக் கொண்டுபோகிறவள் எப்படி ஓட்டுவாளோ அப்படி ஓட்டினாள். எனக்கு வியர்த்து ஊற்றியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணாடியில் அவள் இரண்டு கண்ணும் என்மேலேயே இருந்தன.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் பிரேக்கை மிதித்தாள். அப்போது மணி பன்னிரண்டாக ஒரு நிமிஷம் இருந்தது. ஒன்பது நிமிஷம். ஜெபமாலையில் இரண்டு பத்து மணி சொல்லி முடிக்கிற நேரம். அவ்வளவுதான் தூரம்.

ராடை இப்போது பி-யில் போட்டால் அது மூன்று வருஷம் கழித்துத்தான் விழும், இன்ஜினை அணைத்தாலும் இந்த வண்டி நிற்காது. ஆகவே அவள் இறங்க முடியாது. வார்டு ஆள்கள் இருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்கள்.

"நெஞ்சு வலியாம்மா?"

"ஆமா தம்பி" என்றாள். "பாத்து எறக்குங்க. பாரமான ஒடம்பு."

நான் நாற்பத்தெட்டு கிலோ. தூக்கிய இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"பேரு என்னய்யா?"

அவளைப் பார்த்தேன். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "கஸ்மீர்" என்றேன்.

அந்த ஆள் என் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்து, "பயப்படாதிய. நேரத்தோட கொண்டாந்துட்டியம்மா" என்றார்.

எமரன்சி ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். உள்ளே தள்ளிக்கொண்டு போகிற வரைக்கும் எனக்குக் கேட்டது. பிரேக்கிலிருந்து மட்டும் அவள் காலை எடுக்கவில்லை.